முன் நம்பர் பிளேட் பிராக்கெட்: எஸ்டேட் ரோட்டுக்கும் வெள்ளத்துக்கும் தாங்கும்படி பூட்டுவது

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம் பெரிய மழை விட்ட மறுநாள் ரோட்டோரப் புல்லில் நம்பர் பிளேட் கிடப்பது வழக்கம். யாராவது எடுத்து வேலிக் கம்பியில் சொருகி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் எல்லாமே முன் பிளேட்தான். திருப்பிப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். ஒன்றில் ஸ்குரூ ஓட்டை ஓரம் வரை கிழிந்திருக்கும். இன்னொன்றில் இரட்டைப் பக்க டேப் பெயிண்டோடு பிய்ந்து வந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

காற்றில் எந்தப் பிளேட்டும் கழன்று விழுவதில்லை. 50 செ.மீ. நீளம், 11 செ.மீ. உயரமுள்ள பிளேட்டின் மேல், நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் காற்று கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 3 கிலோ எடைக்குச் சமம். அதே பிளேட் முழுக்க மூழ்கும் தண்ணீரில் வெறும் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே 80 கிலோவைத் தாண்டிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. முன்னாலிருந்து தள்ளும் தண்ணீர் பிளேட்டைப் பம்பரோடு அழுத்தத்தான் செய்யும், அது பரவாயில்லை. பம்பருக்குக் கீழேயும் கிரில் வழியாகவும் புகும் தண்ணீர்தான் ஆபத்து. அது பிளேட்டின் அடி ஓரத்தில் ஏறி, பின்பக்க இடைவெளியில் நுழைந்து, பிளேட்டை வெளியே நெம்பும். அந்த நெம்பலை 3 மி.மீ. பிளாஸ்டிக்கில் முறுக்கிய இரண்டு சின்ன ஸ்குரூ எப்படித் தாங்கும்?

அதனால் இந்த வேலையில் பிடிவாதமாக வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: பிடிமானம் பம்பரின் பின்பக்கத்திலிருந்து வர வேண்டும். முன்னாலிருந்து முறுக்கி நிறுத்தும் ஸ்குரூ எவ்வளவு தடியாக இருந்தாலும் போதாது. பம்பருக்குப் பின்னால் அகலமான வாஷர், அதன் மேல் நட், நான்கு இடத்தில். இப்படிப் பூட்டினால் பம்பரே கழன்றால்தான் பிளேட் போகும்.

கையில் இருக்கும் காரை முதலில் நன்றாகப் பாருங்கள். உள்ளூர்க் கார்கள் பலவற்றில் பிளேட் வரும் இடத்தில் இரண்டு சின்னக் குழியோ தயார் ஓட்டையோ இருக்கும். பழைய பிளேட்டைக் கழற்றினாலும் அதன் ஓட்டைகள் இருக்கும். அவற்றைப் பெரிதாக்கிப் பயன்படுத்துங்கள், புது ஓட்டை குறையும். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டியாக இருந்தால் வேறு சிக்கல். அங்கத்திய பிளேட் 330க்கு 165 மி.மீ., சதுரவாக்கில் இருக்கும், இரண்டு போல்ட்டுக்கு நடுவே 210 மி.மீ. தூரம். நம்ம ஊர் நீளப் பிளேட்டை அந்த இரண்டு போல்ட்டில் மட்டும் பூட்டினால் இரண்டு முனையும் ஆதாரமில்லாமல் தொங்கும். குழி விழுந்த ரோட்டில் முனைகள் துடித்துத் துடித்து, போல்ட் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பும். அந்த 210 மி.மீ. ஓட்டைகளையே வைத்துக்கொள்ளலாம், எம்6 (6 மி.மீ. தடிப்பு) போல்ட் சரியாக இறங்கும். ஆனால் நடுவில் பிளேட் நீளத்துக்கு ஒரு பட்டை கட்டாயம் வேண்டும்.

அக்சசரி கடையில் விற்கும் பிளாஸ்டிக் பிரேமைப் பற்றி: டவுனுக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு அது போதும். செம்மண் ரோட்டில் தினமும் ஓடும் வண்டிக்கு வேண்டாம். அதன் ஓரத்துப் பிடிகள் வெயிலில் காய்ந்து மொறமொறவென்று ஆகிவிடும், பிறகு ஒரு குலுக்கலில் பிளேட் நழுவும். சில பிரேம்கள் எழுத்தின் மேல், கீழ் விளிம்பையும் மறைக்கின்றன. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் அலுமினியப் பட்டையே மேல். 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிப்பில் ஒரு மீட்டர் வாங்கினால் இரண்டு துண்டு போக மிச்சமும் இருக்கும். 2 மி.மீ. பட்டை கையில் எடுத்தாலே வளையும், அதை விட்டுவிடுங்கள்.

பட்டை பம்பரில் உட்கார எம்6, 25 மி.மீ. நீள ஸ்டெயின்லெஸ் போல்ட் நான்கு. நைலான் உள்ள நட் நான்கு. பின்பக்கத்துக்கு 25 மி.மீ. அகல வாஷர் நான்கு. பிளேட்டைப் பட்டையில் பூட்ட எம்5, 16 மி.மீ. உருண்டைத் தலை போல்ட் நான்கு, அதற்கும் நைலான் நட், ரப்பர் வாஷர், சாதா வாஷர். பம்பர் வளைவை நிரப்ப 5, 10 மி.மீ. நைலான் குழாய்த் துண்டுகள். கறுப்பு நுரை ரப்பர் டேப் ஒரு சுருள். துத்தநாகம் பூசிய சாதாரண இரும்பு போல்ட்டைக் காசு மிச்சம் என்று வாங்காதீர்கள். செம்பனைத் தோட்ட ரோட்டில் உர லோரி சிந்தும் உரம் மழையில் கரைந்து முன்பக்கமெல்லாம் தெறிக்கும். அந்த உப்பு பட்டால் துத்தநாகப் பூச்சு நிற்காது, துரு வடிந்து பிளேட்டில் பழுப்புக் கோடு விழும். கித்தா ஆலைப் பக்கம் ஓடும் வண்டி என்றால் பித்தளையும் கூடாது. ரப்பர் பாலைக் கெடாமல் வைக்கச் சேர்க்கும் அம்மோனியா பித்தளைக்கு ஆகாது, இறுக்கத்தில் இருக்கும் பித்தளையில் வெடிப்பு விடும்.

இனி பம்பருக்குப் பின்னால் போக வேண்டும். அவசரம் ஆகாத இடம் இதுதான். பல கார்களில் மேலே கிரில்லுக்குப் பக்கத்தில் ஒரு வரிசை கிளிப், சக்கர வளைவில் இரண்டு பக்கமும் ஸ்குரூ, அடியில் கறுப்புத் தட்டில் இன்னொரு வரிசை கிளிப். முழு பம்பரையும் கழற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அடித் தட்டை இறக்கினாலே கை உள்ளே போகும். ஆனால் எஸ்டேட் வண்டியில் அந்தக் கிளிப்களுக்குள் செம்மண் புகுந்து இறுகிப் போயிருக்கும். நடு ஊசியை நெம்பினால் ஊசி வராது, தலைதான் உடையும். முதலில் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பாய்ச்சி நன்றாக நனைய விடுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு கிளிப்பின் வாயையும் சுத்தம் செய்த பிறகே கை வையுங்கள். கிளிப் இரண்டு வகை: ஒன்றில் நடு ஊசியை உள்ளே அழுத்தினால் கழலும், மற்றதில் ஊசியை வெளியே இழுக்க வேண்டும். எது எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் நெம்புவதால்தான் பாதி உடைகிறது. கழற்றிய ஒன்றை ஒர்க்‌ஷாப் சாமான் கடைக்குக் கொண்டு போய் அதே அளவில் அரை டஜன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பம்பர் தோலுக்குப் பின்னால் நுரைக் கட்டை, அதற்குப் பின் இரும்பு அல்லது அலுமினியத் தடுப்புக் கம்பி, அதற்கும் பின்னால் ஏர்கோன் கண்டென்சர், கடைசியில் ரேடியேட்டர். சின்னக் கார்களில் கிரில்லுக்கும் கண்டென்சருக்கும் இடையே ஒரு கைப்பிடி அளவு தூரம்தான். டிரில் பிட் நழுவி அந்தக் கண்டென்சர் குழாயில் பட்டால் காஸ் அத்தனையும் போய்விடும், பிளேட் வேலைக்கு வந்தவர் ஏர்கோன் கடைக்குப் போக வேண்டியதுதான். பம்பருக்கும் கண்டென்சருக்கும் நடுவில் ஒரு பலகைத் துண்டைச் சொருகி வைத்தால் அந்தப் பயமே இல்லை. கிரில் நடுவில் வழவழப்பான கறுப்பு மூடி ஒன்று இருந்தால் அது ரேடார் இருக்கும் இடமாக இருக்கலாம். அதன் முன்னால் அலுமினியப் பட்டை வரக்கூடாது, அதன் மூடியில் ஓட்டையும் போடக்கூடாது. முன் சென்சார் உள்ள வண்டியில் ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று கையால் தடவித் தெரிந்துகொள்ளுங்கள்.

பம்பரின் உட்புறத்தில் பி.பி. என்ற எழுத்து அச்சாகியிருக்கும். பாலிபுரோப்பிலின். வளைந்து கொடுக்கும், எளிதில் வெடிக்காது. ஆனால் மரை பிடிக்காது. அதில் முறுக்கும் ஸ்குரூ முதல் நாள் கெட்டியாக இருந்தாலும் ஆட்டத்தில் ஓட்டை மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போகும். மறுபடி இறுக்கினால் சும்மா சுற்றும். பின்பக்க நட்டை வலியுறுத்துவதற்கு வெள்ளத்தோடு இதுவும் காரணம்.

பட்டையில் எங்கே ஓட்டை போடுவது என்பதைப் பிளேட்தான் முடிவு செய்கிறது. ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) அளவுப்படி ஒவ்வொரு எழுத்தும் எண்ணும் 70 மி.மீ. உயரம், 40 மி.மீ. அகலம், கோட்டின் தடிப்பு 10 மி.மீ. பக்கத்துப் பக்கத்து எழுத்துக்கு நடுவே 10 மி.மீ., எழுத்துக் கூட்டத்துக்கும் எண் கூட்டத்துக்கும் நடுவே 30 மி.மீ. மூன்று எழுத்து, நான்கு எண் உள்ள பிளேட்டில் எழுத்துகளே 360 மி.மீ. எடுத்துக்கொள்ளும். எம்5 உருண்டைத் தலையே 9.5 மி.மீ. அகலம். எழுத்துகளுக்கு நடுவிலுள்ள 10 மி.மீ. சந்தில் அதை வைத்தால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு எழுத்தின் உருவம் மாறித் தெரியும். கேமராவுக்கும் அப்படித்தான். அதனால் எழுத்துப் பகுதிக்குள் போல்ட்டே வேண்டாம், நான்கு மூலைதான் இடம். 110 மி.மீ. உயரப் பிளேட்டில் எழுத்துக்கு மேலும் கீழும் 20 மி.மீ. மிஞ்சும். மேல், கீழ் விளிம்பிலிருந்து 12 மி.மீ. தள்ளி ஓட்டையின் நடுப்புள்ளி வைத்தால் அக்ரிலிக் ஓரம் பிளக்காது, போல்ட் தலையும் எழுத்தைத் தொடாது. போல்ட் தலையைக் கறுப்பாகவே வாங்குங்கள், அல்லது கறுப்பு மூடி போடுங்கள்.

பட்டையை பிளேட் நீளத்துக்கு 20 மி.மீ. குறைவாக அறுத்து, முனைகளை அரத்தால் உருட்டி விடுங்கள். கார் கழுவும்போது கையைக் கிழிப்பது அந்த முனைதான். இரண்டு பட்டையையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிளாம்ப் போட்டு ஒரே தடவையில் ஓட்டை போட்டால் மேலும் கீழும் பிசகாது. ஒவ்வொரு பட்டையிலும் நான்கு ஓட்டை: முனைப் பக்கம் இரண்டு எம்5க்கு, உட்பக்கம் 200 மி.மீ. இடைவெளியில் (ஜப்பான் வண்டியின் பழைய ஓட்டை என்றால் 210) இரண்டு எம்6க்கு. பம்பரில் பிடிக்கும் இந்த உட்பக்க ஓட்டைகளை இன்னும் அகலமாக வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பம்பர் நடுவில்தான் ஓரளவு தட்டை, ஓரத்துக்குப் போகப் போக பின்னால் வளைகிறது. அகலமாக வைத்தால் நட்டை இறுக்கும்போது பட்டை வில்லாக வளையும், அந்த வளைவு பிளேட்டுக்கும் வரும்.

நடுக்கோடு கண்டுபிடிக்க காரின் முத்திரையை நம்பலாம், ஆனால் ஒட்டி மாற்றிய முத்திரை என்றால் நம்ப முடியாது. இரண்டு ஹெட்லேம்பின் உள் விளிம்பிலிருந்தும் டேப் பிடித்து அளந்து பாதியைக் குறியுங்கள். பம்பர் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேலேயே பென்சிலால் கோடு போடுங்கள். மட்டம் பார்க்க நீர்மட்டக் கருவி உதவாது. வீட்டு வாசலே சாய்வாக இருக்கும்போது பிளேட் பூமிக்கு மட்டமாக இருந்து என்ன பயன்? இரண்டு முனையிலிருந்தும் போனட் விளிம்பு வரை அளந்து சமமாக இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு நான்கு அடி தள்ளி நின்று கண்ணால் பாருங்கள். கண் சொல்வதே கடைசி முடிவு.

டிரில் பிட்டில் முனையிலிருந்து 10 மி.மீ. விட்டு மாஸ்கிங் டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உள்ளே போகக்கூடாது என்பதற்கு அடையாளம். குறித்த புள்ளியில் குத்தூசியால் சின்னக் குழி. முதல் ஓட்டை 3 மி.மீ. பெயிண்ட் உள்ள பம்பரில் முதல் சில சுற்று டிரில்லைப் பின்னோக்கிச் சுற்ற விடுங்கள். அது பெயிண்டைக் கடிக்காமல் தேய்த்துக் கடக்கும், ஓரம் செதில் செதிலாகப் பெயராது. பிறகு முன்னோக்கி, மெதுவாக. சரியான வேகத்தில் பிளாஸ்டிக் வெள்ளையும் கறுப்புமாகச் சுருள் சுருளாக வெளியே வரும். வேகம் கூடினால் சுருள் நின்று, உருகிய நூலாக பிட்டைச் சுற்றிக்கொள்ளும், ஓட்டையைச் சுற்றி ஒரு தடித்த உதடு எழும்பும். அப்படியானால் நிறுத்தி, ஆற விட்டு, அந்த உதட்டைக் கத்தியால் சீவிவிடுங்கள். 3-லிருந்து 5, 5-லிருந்து 6.5 மி.மீ. ஒரேயடியாக 6.5 பிட்டைப் போட்டால் பிளாஸ்டிக் அதைக் கவ்வி இழுக்கும், ஓட்டை முட்டை வடிவாகிவிடும்.

கீழ்ப் பட்டை வரும் இடத்தில் கிரில் இருக்கிறதா? ஓட்டையே தேவையில்லை. கிரில் கம்பிகளுக்குப் பின்னால் 25 மி.மீ. அகலத்தில் இன்னொரு அலுமினியத் துண்டை வைத்து, போல்ட்டைக் கம்பிகளுக்கு இடையே விட்டு, இரண்டு பட்டைக்கும் நடுவில் கிரில்லை அழுத்திப் பிடியுங்கள். பிடியின் இரண்டு பக்கமும் நுரை டேப். கிரில் சதுரங்களை அதிகம் அடைக்க வேண்டாம், ஏர்கோனுக்குப் போகும் காற்று அந்த வழிதான்.

பட்டை பம்பரில் உட்காரும்போது அடுக்கு இப்படி வர வேண்டும்: போல்ட் தலை, பட்டை, நைலான் குழாய்த் துண்டு, பம்பர், அகல வாஷர், நட். குழாய்த் துண்டின் நீளத்தை வைத்துத்தான் பட்டை நேராக நிற்கும். மேல் பட்டைக்கு 5, கீழ்ப் பட்டைக்கு 10 என்று வேறுபடலாம். பெரும்பாலான பம்பர் கீழே போகப் போக உள்ளே சரியும், அந்தச் சரிவை இதுதான் ஈடுகட்டுகிறது. 25 மி.மீ. போல்ட் எட்டவில்லை என்றால் 30 வாங்குங்கள். நட்டிலிருந்து இரண்டு மரை வெளியே தெரிய வேண்டும், அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் பின்னால் எதையாவது உரசும். ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் உலர்ந்தபடி வேகமாக முறுக்கினால் ஒன்றோடொன்று கவ்விப் பூட்டிக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் துளி கிரீஸ் தடவி கையாலேயே முறுக்குங்கள். இம்பேக்ட் டிரில் இந்த வேலைக்கு எதிரி. வாஷர் பிளாஸ்டிக்கில் படிந்து, சுற்றுப்புறம் குழி விழ ஆரம்பிக்கும் முன் நிறுத்த வேண்டும்.

அக்ரிலிக் பிளேட்டுக்கு மட்டும் தனிப் பொறுமை வேண்டும். கறுப்பு நிறம் வேறு, நடுப்பகலில் வெயிலில் நிற்கும்போது காலையைவிட 40 பாகை சூடேறுவது சாதாரணம். அந்தச் சூட்டில் இரண்டு முனையிலும் உள்ள ஓட்டைகள் ஏறக்குறைய 1 மி.மீ. விலகும். மாலை மழை பெய்தால் நொடியில் சுருங்கும். ஓட்டை போல்ட் அளவுக்கே இருந்தால் அந்த 1 மி.மீ.க்கு இடமில்லை, விரிசல்தான் வழி. அதனால் மேல் இடது ஓட்டை 5.5 மி.மீ., மற்ற மூன்றும் 7 மி.மீ. ஒன்று நிலை நிறுத்தும், மூன்றும் நகர விடும்.

அக்ரிலிக்கில் ஓட்டை போடும்போது சாதாரண பிட் வெளியே வரும் கணத்தில் கவ்வி, ஒரு சில்லைப் பெயர்த்துவிடும். அடியில் பலகை வைத்துக் கிளாம்ப் போடுங்கள். பிட்டின் வெட்டும் முனையைச் சாணைக் கல்லில் லேசாக மழுக்கினால் அது வெட்டாமல் சுரண்டிக்கொண்டு இறங்கும். கடைசி ஒரு மி.மீ.யில் அழுத்தமே வேண்டாம். போட்டு முடித்ததும் ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவுங்கள். நகத்தில் சிக்கும் சின்ன வெட்டு ஒன்று இருந்தாலும் நுண் உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்து எடுங்கள். பிளேட் வெடிக்கும்போது எப்போதும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

போல்ட் கழலாமல் இருக்க மரையைப் பூட்டும் பசையைப் போடுவது மோட்டார் வேலை தெரிந்தவர்களின் பழக்கம். பிளேட்டில் அது கூடவே கூடாது. அந்தத் திரவம் அக்ரிலிக்கில் வழிந்தால், இறுக்கத்தில் இருக்கும் ஓட்டையைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் நட்சத்திரம் மாதிரி விரியும். நைலான் நட் அதற்காகத்தான். பிளேட்டைத் துடைக்கத் தின்னரும் பெட்ரோலும் அதே காரணத்துக்காக வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். போல்ட் தலைக்கு அடியில் ரப்பர் வாஷர், பிளேட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் நுரை டேப். ரப்பர் பிதுங்கத் தொடங்கும்போது இறுக்குவதை நிறுத்துங்கள். கீழ்ப் பட்டையில் நுரை டேப்பை ஒரே நீளமாக ஒட்டாமல் இரண்டு இடத்தில் ஒரு விரல் அகலம் விட்டு ஒட்டினால் பின்னால் தேங்கும் தண்ணீரும் சேறும் வடியும்.

ஓட்டையே போட மனமில்லாதவர்களுக்கு நுரை அக்ரிலிக் டேப் இருக்கிறது. 3எம் நிறுவனத்தின் வி.எச்.பி. வகை நல்ல பிடிதான், முறையாக ஒட்டினால். ஐசோபுரோப்பில் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்து துடைத்து, காய வைத்து, பலமாக அழுத்தி ஒட்ட வேண்டும். முழுப் பிடி வர 72 மணி நேரம், அதுவரை வண்டியைக் கழுவக்கூடாது. பெயிண்ட் மேல் பிடிக்கும், பெயிண்ட் இல்லாத சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் அதற்குரிய பிரைமர் இல்லாமல் பிடிக்காது. இவ்வளவும் செய்தாலும் தண்ணீர் ஏறும் ரோட்டில் டேப் மட்டும் என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இழுவைக் கொக்கி மாட்டும் மரை ஓட்டையில் திருகும் பிராக்கெட்டும் விற்கிறது. ஓட்டை வேண்டாம் என்பது சரி, ஆனால் ஒரே போல்ட்டில் நிற்கிறது, பிளேட்டை நடுவிலிருந்து ஒதுக்கியும் வைக்கிறது. முன்னும் பின்னும் பிளேட் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது 1959-ஆம் ஆண்டு மோட்டார் வாகனப் பதிவு விதிகளிலிருந்தே உள்ளது. போலீஸ்காரரிடம் ரோட்டோரத்தில் விளக்கம் சொல்வதைவிட நடுவில் நேராக வைப்பதே நிம்மதி.

தென்னமரம் எஸ்டேட்டில் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்ட காலத்திலிருந்து இந்த வட்டாரத்து ரோடுகள் குலை ஏற்றிய வண்டிகளைச் சுமக்கின்றன. இன்றைக்கு லோரி டயர் தோண்டிய பள்ளத்தில்தான் சின்னக் காரும் இறங்கி ஏற வேண்டும். அந்தக் குலுக்கலில் நுரை டேப்பும் ரப்பரும் முதல் வாரத்திலேயே கொஞ்சம் அமுங்கிவிடும், நட்டில் சிறு தளர்ச்சி தெரியும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு நான்கு எம்5 நட்டையும் கால் சுற்று இறுக்குங்கள். பிறகு ஆயில் மாற்றும் போதெல்லாம் பிளேட்டின் இரண்டு முனையையும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் போதும்.

பம்பர் பெயிண்ட் அடிக்கக் கொடுக்கும்போது பட்டையையும் பிளேட்டையும் நீங்களே கழற்றிவிட்டுக் கொடுங்கள். பெயிண்ட் கடையில் அவசரத்துக்குப் பட்டையோடு சேர்த்து அடித்துவிடுவார்கள். பெயிண்ட் நட்டுக்குள் இறங்கிக் காய்ந்தால் அடுத்த முறை கழற்றும்போது போல்ட்டோடு பம்பர் தோலும் பெயர்ந்து வரும்.